மெயின் என்றால் பலம்

ஃபேன் சுற்றவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்கும் முதல் கேள்வி, "மெயின் எங்கே சார் இருக்கு?" என்பதுதான். நாமும் மாடிப்படிக்கு அடியில் ஒட்டடை படிந்து கிடக்கும் பெட்டியைக் காட்டுகிறோம். ஊருக்குள் மெயின் ரோடு இருக்கிறது. பிரிலிம்ஸ் தேறிய பையன் மெயின்ஸுக்குப் படிக்கிறான். சுற்றி வளைத்துப் பேசுகிறவரிடம் "மெயின் மேட்டருக்கு வாங்க" என்கிறோம். திருச்சிக்காரர்களுக்கு மெயின் கார்டு கேட் என்று ஒரு கோட்டை வாசலே உண்டு. அந்த அளவுக்குத் தமிழாகிவிட்ட சொல் இது. முக்கியமானது, பிரதானமானது என்பதுதான் நமக்குத் தெரிந்த பொருள்.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளே கிடையாது. அப்போது மெயின் என்றால் பலம். ஆள் ஒருவன் பாறையைப் புரட்டும்போது தோளிலும் முதுகிலும் திரளுகிறதே, அந்தப் பலம். இன்றைய ஆங்கில அகராதியைத் திறந்தாலும் இந்தப் பொருள் ஒரு மூலையில் இருக்கும், பக்கத்திலேயே 'வழக்கொழிந்தது' என்ற குறிப்போடு.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'மேயென்'. எழுதும்போது நடுவில் 'ஜி' என்ற எழுத்தைப் போடுவார்கள். ஆனால் அந்த இடத்தில் அது யகரமாகத்தான் ஒலிக்கும். பிறகு அந்த யகரமும் முன்னால் இருந்த உயிரோடு கரைந்து 'மெயின்' ஆகிவிட்டது. இந்தச் சொல்லுக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது. ஜெர்மன் மொழி ஆங்கிலத்துக்குப் பங்காளி மொழி. ஆங்கிலம் கரைத்துவிட்ட அந்த ஒலியை ஜெர்மன் இன்றும் ககரமாக வைத்திருக்கிறது. மழை ஜெர்மனில் ரேகன், ஆங்கிலத்தில் ரெயின். ஆணி அங்கே நாகல், இங்கே நெயில். ஆலங்கட்டி அங்கே ஹாகல், இங்கே ஹெயில். நாள் அங்கே டாக், இங்கே டே. வரிசையாக வைத்துப் பார்த்தால் மெயின் எந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டிய சொல் என்பது தெரிந்துவிடும்.

மேயென் என்பது வெறும் உடம்புப் பலம் மட்டும் இல்லை. படைபலமும் மேயென்தான். மூலிகை வைத்தியக் குறிப்புகளில் ஒரு செடியின் வீரியத்தையும் மேயென் என்றே எழுதினார்கள். நாம் 'சக்தி' என்ற ஒரே சொல்லை மருந்துக்கும் சாமிக்கும் மனுஷனுக்கும் புழங்குகிறோமே, ஏறக்குறைய அப்படி.

இந்தச் சொல்லை அதன் சொந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் 991ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், எசெக்ஸ் பகுதியில், மால்டன் என்று ஓர் ஊர். அந்த ஆண்டு ஆகஸ்டில் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து அங்கே கழிமுகத் தீவு ஒன்றில் இறங்கினார்கள். தீவுக்கும் கரைக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான பாதை. ஓதம் ஏறினால் அது தண்ணீருக்குள் போய்விடும், வற்றினால் வெளியே தெரியும். மூன்று பேர் நின்றாலே அந்தப் பாதையை மறித்துவிடலாம், மறித்தும் நின்றார்கள். ஆனால் உள்ளூர்ப் படைத்தலைவர் பிரிட்நோத், "வாருங்கள், நேருக்கு நேர் பார்த்துவிடலாம்" என்று எதிரியைக் கரையேற விட்டுவிட்டார். வீரமா வீம்பா என்று இன்றைக்கும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் வீம்புதான். அன்றே அவர் கொல்லப்பட்டார். அவருடைய குதிரையிலேயே ஏறி ஒருவன் ஓட, தலைவர்தான் ஓடுகிறார் என்று நினைத்துப் பாதிப் படை கலைந்தது.

மிச்சம் நின்ற சிலரில் பிரிட்வோல்ட் என்று ஒரு கிழவர். இந்தச் சண்டையைப் பற்றிப் பழைய ஆங்கிலத்தில் ஒரு பாட்டு உண்டு. கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பேசுவதாக அந்தப் பாட்டில் சில வரிகள் வருகின்றன. அதில் ஒன்றைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

மோட் ஷல் தே மாரெ, தே ஊரெ மேயென் லூட்லத்.

கேட்டால் ஆங்கிலம் மாதிரியே இருக்காது. ஆனால் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பாருங்கள். 'மோட்' என்பதுதான் இன்றைய 'மூட்'. அப்போது அதற்கு மனத்திடம், துணிவு என்று பொருள். நாம் 'மூட் அவுட்' என்கிறபோது சொல்கிற சலிப்பு அப்போது அதில் இல்லை. 'ஷல்' இன்றைய ஷேல். 'மாரெ' இன்றைய மோர், அதாவது அதிகம். 'ஊரெ' இன்றைய அவர், அதாவது நம்முடைய. 'லூட்லத்' என்பதில் இருப்பது இன்றைய லிட்டில். சிறுத்துக்கொண்டே போகிறது என்று அர்த்தம். நடுவில் நிற்கிறது மேயென். மொத்தமாகச் சேர்த்தால்: நம் உடம்புப் பலம் குறையக் குறைய, மனம் இன்னும் பெரிதாக வேண்டும். மெயின் இறங்கினால் மூட் ஏற வேண்டும். ஆயிரம் வருடப் பழசான ஒரு வரியில், இன்றைக்குப் புழங்காத சொல் என்று ஒன்றுகூட இல்லை. பொருள்கள்தான் வேறு வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

இந்தப் பாட்டு நம் கைக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். இதன் ஒரே ஓலை (அவர்களுக்குத் தோல் ஏடு) லண்டனில் ஒரு வீட்டில் மற்றப் பழஞ்சுவடிகளோடு இருந்தது. 1731 அக்டோபரில் அந்த வீடு தீப்பிடித்தது. மால்டன் ஏடு சாம்பல். நல்லவேளையாக அதற்குச் சில காலம் முன்புதான் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைப் பார்த்தெழுதி வைத்திருந்தார். தலையும் வாலும் ஏற்கெனவே போயிருந்தன. மிஞ்சியது 325 வரி. அதே தீயில் 'பேயோவுல்ஃப்' என்ற பெரிய காவியத்தின் ஒரே பிரதியும் மாட்டிக்கொண்டது. ஓரம் கருகியதோடு தப்பியது. அந்தக் காவியத்து நாயகனுக்குக் கைப்பிடியில் முப்பது ஆள் பலம் என்று ஓர் இடம் வரும். அங்கே கவிஞர் பயன்படுத்தும் சொல் 'மேயென்க்ரேஃப்ட்'. அதன் பின்பாதிக்குப் பிறகு வருகிறேன், அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது.

இவ்வளவு செல்வாக்காக இருந்த சொல் ஏன் ஓய்ந்தது? 1066இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அடுத்த சில நூற்றாண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. பவர், ஃபோர்ஸ், விகர் என்று பலத்தைச் சொல்லும் பிரெஞ்சுச் சொற்கள் வரிசையாக உள்ளே வந்தன. ஏற்கெனவே ஸ்ட்ரெங்த், மைட் என்று உள்ளூர்ச் சொற்களும் இருந்தன. ஒரே வேலைக்கு ஏழெட்டு ஆள். யாராவது ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். மெயின் போனது.

ஆனால் முழுக்கப் போகவில்லை. 'வித் மைட் அண்ட் மெயின்' என்ற ஒரு தொடரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ள பலத்தையெல்லாம் கூட்டி, முழு மூச்சாக என்று அர்த்தம். இதில் மைட்டுக்கும் பலம்தான் பொருள், மெயினுக்கும் பலம்தான் பொருள். ஒன்றையே இரண்டு தரம் சொல்வானேன் என்று தோன்றலாம். நாம் பேரும் புகழும் என்கிறோம், ஈடு இணை இல்லை என்கிறோம். இரண்டாவது சொல் பொருளுக்காக இல்லை, அழுத்தத்துக்காக.

இப்படி ஜோடியில் மாட்டிக்கொண்ட சொல் தனியாக நடக்க மறந்துவிடும். "அவருக்குத் தோட்டம் துரவெல்லாம் இருக்கு" என்று சொல்கிற பத்துப் பேரை நிறுத்தி, துரவு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் விழிப்பார்கள். துரவு என்றால் கிணறு. தனியாக "துரவில் தண்ணீர் இருக்கிறதா" என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மட்டும் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. மெயினுக்கு மைட் செய்த உபகாரமும் அதுதான்.

அந்த இரண்டும் சேர்ந்ததற்குக் காதும் ஒரு காரணம். மைட், மெயின் இரண்டும் மகரத்தில் தொடங்குகின்றன. நம் செய்யுளில் மோனை என்று சொல்வோமே, பழைய ஆங்கிலச் செய்யுளுக்கு அதுதான் முதுகெலும்பு. எதுகை அவர்களுக்கு முக்கியமில்லை. மோனை தவறினால் அது வரியே இல்லை. மேலே சொன்ன கிழவரின் வரியை இன்னொரு தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: மோட், மாரெ, மேயென். மூன்று மகரம்.

சரி, பலம் எப்படி முக்கியம் ஆனது? இதுதான் எனக்கு இந்தச் சொல்லில் பிடித்த இடம்.

பழைய ஆங்கிலத்தில் மேயெனை இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டும் பழக்கம் இருந்தது. 'ஸ்டான்' என்றால் கல். 'மேயென்ஸ்டான்' என்றால் பலக்கல், அதாவது ஆளால் அசைக்க முடியாத பெரும்பாறை. 'ஃபோல்க்' என்றால் ஜனம், 'மேயென்ஃபோல்க்' பெருங்கூட்டம். இப்படி ஒட்டி ஒட்டிச் சொன்னதில், பலம் என்பது மெல்லப் 'பெரிய' என்று கேட்க ஆரம்பித்தது. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலும் இதே வேரில் 'பலமான' என்று ஒரு சொல் இருந்தது. அதுவும் கூட வந்து சேர்ந்துகொண்டது. பெரியது என்று ஆனபின், உள்ளதில் பெரியது எதுவோ அதுதானே தலைமையானது? தமிழிலும் நெடுந்தூரச் சாலையைப் பெருவழி என்றுதான் சொன்னோம். கோயம்புத்தூர்ப் பக்கம் ராசகேசரிப் பெருவழி என்று கல்வெட்டே இருக்கிறது. அளவு பெரிதென்றால் மதிப்பும் பெரிது என்று மொழிகள் தாமாக முடிவு கட்டிவிடுகின்றன.

இந்தப் பயணத்தின் நடுவழிச் சுவடுகள் இன்னும் கிடக்கின்றன. தீவுகளை விட்டுப் பெரிய நிலப்பரப்பைச் சொல்ல மெயின்லேண்ட். கடற்கொள்ளைக் கதைகளில் வரும் ஸ்பானிஷ் மெயின் அந்தச் சொல்லின் வால் அறுந்த வடிவம். கரீபியன் கடலைச் சுற்றி ஸ்பெயின் பிடித்து வைத்திருந்த தென்னமெரிக்கக் கரை அது. பாய்க்கப்பலில் பெரிய பாய் மெயின்செயில், அதைத் தாங்குவது மெயின்மாஸ்ட், அந்தப் பாய்மரம் பின்னால் சாயாமல் முன்பக்கமாக இழுத்துக் கட்டிய தடித்த கயிறு மெயின்ஸ்டே. ஒரு குடும்பத்துக்கோ அணிக்கோ தூணாக இருப்பவரை ஆங்கிலப் பத்திரிகைகள் மெயின்ஸ்டே என்று எழுதும்போது, எழுதுகிறவருக்கே தான் ஒரு கயிற்றைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரியாது. கடலை விட்டுக் கரைக்கு வந்தால் ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் மெயின். அதே கணக்கில், பின்னால் வந்த மின்சாரத்துக்கும் மெயின்ஸ். எலக்ட்ரீஷியன் கேட்டது இதைத்தான். பெங்களூரில் "எட்டாவது மெயின், மூணாவது கிராஸ்" என்று விலாசம் சொல்கிறார்கள். ரோடு என்ற சொல்லையும் உதறிவிட்டு மெயின் அங்கே தனியாக நிற்கிறது.

மைட் அண்ட் மெயின் போலவே இன்னொரு தொடரிலும் பலம் என்ற பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பை மெயின் ஃபோர்ஸ்' என்றால் பிரதான விசையால் என்று அர்த்தமில்லை. தந்திரம் கிந்திரம் எதுவும் இல்லாமல், வெறும் முரட்டு பலத்தால் என்று அர்த்தம். பழைய நாவல்களில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் இப்படித்தான் போவார்கள்.

இனி இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள். முதல் ஆள் நமக்கு ஒன்றாம் வகுப்பிலேயே அறிமுகம். கதவருகே நின்று கையை நீட்டி "மே ஐ கம் இன் சார்" என்று கத்தினோமே, அந்த 'மே'. பழைய ஆங்கிலத்தில் 'இச் மேய்' என்றால் எனக்குப் பலம் இருக்கிறது, என்னால் முடியும் என்று பொருள். முடியும் என்பது முடியலாம் ஆகி, முடியலாம் என்பது அனுமதியாகத் தேய்ந்தது. 'எனக்கு உள்ளே வரப் பலமிருக்கிறதா ஐயா' என்றுதான் வேரளவில் நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். தமிழில் 'மாட்டேன்' இதே மாதிரி நழுவிய சொல். மாட்டாமை என்றால் பழைய நூல்களில் இயலாமை. 'செய்ய மாட்டேன்' என்றால் என்னால் முடியாது என்று பொருள். இன்று அது முடியாதவனின் சொல் இல்லை, பிடிவாதக்காரனின் சொல்.

மைட் என்பதும் அதே வேர்தான். ஆக மைட் அண்ட் மெயின் என்பது பங்காளிகளின் ஜோடி. டிஸ்மே என்ற சொல் கொஞ்சம் சுற்றி வந்தது: ஜெர்மானிய மொழியில் கிளம்பி, பிரெஞ்சுக்குப் போய், 'பலத்தைப் பறி' என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குத் திரும்பி, மனம் உடைந்துபோதல் என்று நின்றது. ஸ்பானிய மொழியில் இதன் உடன்பிறப்பான தெஸ்மாயோ என்றால் மயக்கம் போட்டு விழுவது. பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் நடுப்பெயரில் மெயின் இருக்கிறது: பலம், உறுதி என்ற இரு சொற்கள் சேர்ந்து மேனார்ட். நம்மூர்க் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் கேட்கிற மெட்டில்டா என்ற பெயரில் இருப்பது மைட்: பலம், போர்.

திரைப்படங்களால் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்ட தோர் என்ற இடித்தேவனிடம் சுத்தியலோடு ஒரு இடைவாரும் உண்டு. 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து நூல் சொல்கிறபடி, அதைக் கட்டினால் அவன் பலம் இரட்டிப்பாகும். அதன் பெயர் மெகின்கியோர்த். முன்பாதி மெகின், நம்முடைய மெயினேதான். பின்பாதி கச்சை. தோருக்கு மாக்னி என்று ஒரு மகன், பிறந்து மூன்றே இரவானவன். செத்து விழுந்த ராட்சதனின் கால் தோரின் கழுத்தில் விழுந்து, தேவர்களெல்லாம் கூடியும் தூக்க முடியாமல் திணறும்போது, இந்தப் பிள்ளை வந்து தூக்கிப் போடுகிறது. பெயருக்கு அர்த்தம், பலசாலி.

மேயென்க்ரேஃப்டின் பின்பாதியைச் சொல்கிறேன் என்றேன். அது இன்றைய 'கிராஃப்ட்'. பள்ளியில் காகிதப் பூ செய்ய வைப்பார்களே, அந்தக் கிராஃப்ட் வகுப்பு. அதற்கும் ஆதியில் பலம் என்றே பொருள். பிறகுதான் கைத்திறன் ஆனது. நாம் 'வல்' என்ற பலத்திலிருந்து வல்லவன், வல்லுநர் என்று போனதும் இதே பாதை. ஜெர்மனில் அது இன்னும் பலமாகவே இருக்கிறது. 1879இல் அங்கே உருவான மரக்கூழ் முறையில் காகிதம் கிழியாமல் உறுதியாக வந்ததால் அதைக் கிராஃப்ட் என்றார்கள். ஜூன் மாதம் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் புத்தகத்துக்கு நாம் போடுகிற பழுப்பு அட்டை அந்தக் காகிதம்தான். கைவேலைக்கான காகிதம் என்று நினைத்துக் கடைக்காரர்களே தப்பாக எழுதி வைத்திருப்பார்கள். அது பலக்காகிதம்.

ஒலி ஒத்துப்போனால் உறவு என்று நம்பிவிடக் கூடாது. மேன்மையிலிருந்து மெயின் வந்தது என்று வாட்ஸாப்பில் யாராவது அனுப்பினால் மேலே சொன்ன ரெயின், நெயில் வரிசையைக் காட்டுங்கள். பழைய வடிவத்தின் நடுவில் கிடக்கும் அந்தக் ககரத்துக்கு மேன்மையில் இடமே இல்லை. ஃப்ராங்ஃபர்ட் நகரத்தின் பெயரோடு வரும் மைன் ஓர் ஆறு. ரோமானியர் காலத்திலேயே அதற்கு மோயெனுஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் பலத்துக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை.

எல்லோரையும் ஏமாற்றுகிற ஆள் மெயின்டெயின். முன்னால் மெயின் தெளிவாக நிற்கிறது, பராமரிப்பது என்றால் பலம் வேண்டாமா என்று பொருளும் பொருந்துவது போலிருக்கும். ஆனால் அது லத்தீனில் 'கையில் பிடி' என்ற தொடர் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சில் 'மேன்' என்றால் கை. மேனுவல், மேனிக்யூர் எல்லாம் அந்தக் கையின் விரல்கள். அதனால் மாதம் பிறந்ததும் அபார்ட்மென்ட் சங்கத்திலிருந்து மெயின்டனன்ஸ் கட்டச் சொல்லி வரும் செய்தியில் பலம் எதுவும் இல்லை. கைதான் இருக்கிறது. கையிலிருந்துதான் போகிறது.